பைத்தானில் எழுதத் தெரியும், பைத்தானையே திருத்துவது எப்படி?

பைத்தான் ஷெல்லைத் திறந்து ஒரு சின்ன விஷயம் செய்து பாருங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கான மாட்யூலை இம்போர்ட் செய்யுங்கள். சொற்களைப் பிரிக்க எல்லோரும் போடும் பேட்டர்ன் ஒன்று உண்டே, பின்சாய்கோடு, டபிள்யூ, பிளஸ், அதை ‘தமிழ்’ என்ற சொல்லின் மேல் ஃபைண்ட்ஆல் வைத்து ஓட்டுங்கள். ஒரு சொல் முழுதாக வர வேண்டும். வருவதோ இரண்டு துண்டு: ‘தம’, ‘ழ’. இகரக் குறியையும் புள்ளியையும் காணோம். ‘பூ’ என்பதில் இஸ்ஆல்ஃபா கேட்டால் ஃபால்ஸ் என்கிறது. பூ எழுத்தே இல்லையாம்.

உடனே கை துறுதுறுக்கும். பிழை கண்டுபிடித்தாயிற்று, கிட்ஹப்பில் ஒரு இஷ்யூ போட்டுவிடலாம் என்று. கொஞ்சம் பொறுங்கள். இது பல ஆண்டுகளாகத் தெரிந்த விவகாரம். யூனிகோடில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் இல்லை, ‘குறி’ என்ற வகையில் இருக்கின்றன. பைத்தானின் இஸ்ஆல்ஃபா எழுத்து வகையை மட்டும்தான் பார்க்கிறது, இஸ்ஆல்நம் அதோடு எண்களையும் சேர்த்துக்கொள்கிறது. டபிள்யூ பேட்டர்ன் அந்த இஸ்ஆல்நம் சொல்வதைக் கேட்டு நடக்கிறது. ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இந்திக்கும் இதே கதிதான். திருத்தக் கூடாதா என்றால், பழைய நடத்தையை நம்பி உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் ஒரே நாளில் வேறு விடை சொல்லத் தொடங்கும். அதனால்தான் இழுபறி. அவசரத்துக்கு ரெஜெக்ஸ் என்ற வெளித் தொகுப்பு இருக்கிறது, அது தமிழ்ச் சொல்லைத் துண்டாக்காது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தேடிப் பார்க்காமல் நீங்கள் போடும் இஷ்யூவை யாரோ ஒருவர் படித்து, பழையதைத் தேடி எடுத்து, இணைப்புக் கொடுத்து மூட வேண்டும். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்வதில்லை, பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்கிறார். பைத்தான் மாதிரி ஒரு மொழிக்குக் கோடு எழுதித் தர ஆள் ஏராளம். எழுதியதைப் பார்த்துச் சரி சொல்லும் ஆளின் நேரம்தான் பஞ்சம். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வேலையையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோட்டுக்கொள்ளுங்கள்: இதனால் ஒரு ரிவ்யூவருக்கு நேரம் மிச்சமா, செலவா?

வீட்டின் நடைமுறை

பைத்தானை 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போக, ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கீடோ வான் ரோசம் எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் வெளியே வந்தது. 2018 ஜூலையில் அவர் தலைமையிலிருந்து விலகிக்கொண்டார். 2019 முதல் ஐந்து பேர் கொண்ட ஸ்டியரிங் கவுன்சில்தான் கடைசி முடிவு எடுக்கிறது. கோர் டெவலப்பர்கள் வாக்களித்து அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் மாற்றத்தை மெர்ஜ் செய்யும் பொத்தான் கோர் டெவலப்பர்கள் கையில்தான் இருக்கிறது.

நாம் தினமும் ஓட்டும் பைத்தானின் சரியான பெயர் சிபைத்தான். பாதி சி மொழியிலும் பாதி பைத்தானிலும் எழுதியது. அதனால் ‘சி தெரியாதே’ என்று தயங்க வேண்டாம். ஸ்டாண்டர்டு லைப்ரரியின் பெரும்பகுதி, லிப் என்ற கோப்புறையில், சுத்தமான பைத்தான்தான். சி நிரல் ஆப்ஜெக்ட்ஸ், மாட்யூல்ஸ், பைத்தான் என்ற கோப்புறைகளில் இருக்கும், ஆவணங்கள் டாக் என்ற கோப்புறையில்.

மூலநிரல் 2017 பிப்ரவரியில் கிட்ஹப்புக்கு வந்தது. இஷ்யூக்கள் 2022 ஏப்ரலில்தான் வந்தன. அதற்கு முந்தைய கமிட்டுகளில் (பதிவான மாற்றங்களில்) பிபிஓ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், அது முன்பு பிழைகளைப் பதிவு செய்த பழைய டிராக்கரின் எண். அந்த இஷ்யூக்களும் கிட்ஹப்புக்கு மாறிவிட்டன, பழைய எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

முதலில் பில்ட் செய்யுங்கள்

எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னும் மெயின் பிராஞ்சை, அதாவது இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் மூலநிரலை, உங்கள் கணினியில் பில்ட் செய்து ஓட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் இஷ்யூ பட்டியலை மேய்வது சமையலறைக்குள் போகாமல் சாம்பாருக்கு உப்பு சொல்வது போலத்தான்.

ரெப்போவை (மூலநிரல் களஞ்சியத்தை) உங்கள் கணக்கில் ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து, கணினிக்குக் குளோன் செய்துகொள்ளுங்கள். பிறகு கான்ஃபிகர் ஸ்கிரிப்டைப் பைடீபக் தேர்வோடு ஓட்டி, அது முடிந்ததும் மேக் கொடுக்க வேண்டும். கட்டளைகளை என் வாயால் கேட்டு அடிக்காதீர்கள். டெவ்கைட் என்று பைத்தான் தளத்தில் ஒரு கையேடு இருக்கிறது, அதிலிருந்து எடுத்து ஒட்டுங்கள், அவை காலத்துக்கேற்ப மாறும். பைடீபக் தேர்வை விட்டுவிடாதீர்கள். அதைப் போட்டால்தான் சி நிரலுக்குள் இருக்கும் சரிபார்ப்புகள் விழித்துக்கொள்ளும்.

உபுண்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஓபன்எஸ்எஸ்எல், ஸீலிப், எஸ்கியூலைட் ஆகியவற்றின் டெவ் தொகுப்புகள் இல்லாமலும் பில்ட் ‘வெற்றிகரமாக’ முடிந்துவிடும். கடைசியில் திரையில், இன்னின்ன மாட்யூல்களுக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல் ஓடும், அவ்வளவுதான். நான் முதல் முறை அதைக் கவனிக்காமல், எஸ்எஸ்எல் சோதனைகள் ஏன் ஓடவே மாட்டேன் என்கின்றன என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பட்டியலைப் படியுங்கள், விட்டுப்போனதை நிறுவுங்கள், மறுபடி கான்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வேடிக்கை. பில்ட் முடிந்து பார்த்தால் பைத்தான் டாட் ஈஎக்ஸ்ஈ என்று விண்டோஸ் பாணியில் ஒரு கோப்பு நிற்கும். மேக்கின் கோப்பு முறைமை பொதுவாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது. ரெப்போவில் ஏற்கெனவே பைத்தான் என்று ஒரு கோப்புறை இருப்பதால், அதே பெயரில் இன்னொரு கோப்பை வைக்க இடமில்லை. அதற்காகத்தான் அந்த வால்.

பில்ட் ஆனதும் டெஸ்ட் மாட்யூலை ஜே பூஜ்யம் என்ற தேர்வோடு ஓட்டுங்கள், கணினியின் எல்லா கோர்களையும் பயன்படுத்திக்கொள்ளும். எல்லாம் பச்சையாக வந்தால் நல்லது. ஒன்றிரண்டு தோற்றால் உங்கள் நெட்வொர்க்கோ லோக்கேலோ காரணமாக இருக்கலாம். எது தோற்றது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் மாற்றத்தால் தோற்றதா, முன்பே தோற்றதா என்று தெரிய வேண்டும்.

எந்த வேலையை எடுப்பது?

‘ஈஸி’ என்ற லேபிள் ஒட்டிய இஷ்யூக்கள் இருக்கின்றன. புதியவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள், தீபாவளிக்கு முதல் நாள் துணிக்கடை வாசல் மாதிரி. போவதென்றால் இஷ்யூவின் விளக்கத்துக்கு அடியில் இணைக்கப்பட்ட பிஆர்களின் (புல் ரிக்வெஸ்ட், மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறொருவர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்.

இங்கே நம்மூர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘டியர் சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட், கைண்ட்லி அசைன் மீ’ என்று கமென்ட் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அங்கே யாரும் யாருக்கும் வேலை ஒதுக்கித் தருவதில்லை. ஆள் இல்லையென்றால் செய்து பிஆர் போடலாம், அனுமதி தேவையில்லை. சாரும் வேண்டாம். கோர் டெவலப்பரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆங்கிலம் தடுமாறுமே என்ற கூச்சமும் வேண்டாம். அங்கே எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கீடோவே டச்சுக்காரர்.

என்னைக் கேட்டால், ஈஸி லேபிளை விட்டுவிட்டுப் பழைய இஷ்யூக்கள் பக்கம் போகச் சொல்வேன். திறந்து கிடப்பவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சில எப்போதோ தானாகச் சரியாகிவிட்டவை. சில, விவரம் போதாமல் கிடப்பவை. நீங்கள் நன்றாகப் புழங்கிய ஒரு மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள், சிஎஸ்வியோ டேட்டைமோ எதுவாக இருந்தாலும் சரி. அதன் பெயரைப் போட்டுத் தேடி, பத்து இஷ்யூக்களைப் படித்து, ஒவ்வொன்றிலும் சொன்ன பிழை இன்றைய மெயின் பிராஞ்சில் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

பிறகு எழுதும் கமென்ட் இப்படி இருக்கலாம்: ‘உபுண்டு 24.04-ல் இன்றைய மெயின் பிராஞ்சை பில்ட் செய்து பார்த்தேன், பிழை இன்னும் இருக்கிறது. 3.12-ல் வரவில்லை, 3.13-ல் வருகிறது. ஓட்டிப் பார்க்க இந்த ஆறு வரி போதும்.’ கீழே அந்த ஆறு வரி. பாண்டாஸ், ஜாங்கோ எதுவும் இல்லாமல் வெறும் பைத்தானில். இப்படியொரு கமென்ட் ஒரு கோர் டெவலப்பருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று ஒரு வரி எழுதினால் நூறு பேருக்கு மின்னஞ்சல் போவதுதான் மிச்சம்.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் கிட் பைசெக்ட். 3.12-ல் இல்லாதது 3.13-ல் வந்தது என்றால், இடையில் ஏதோ ஒரு கமிட்டுதான் அதைக் கொண்டுவந்தது. பைசெக்ட் நடுவிலுள்ள கமிட்டை எடுத்துக் கொடுக்கும், நீங்கள் பில்ட் செய்து ‘நல்லது’, ‘கெட்டது’ என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடும். ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் பத்து பில்டில் குற்றவாளி பிடிபட்டுவிடுவார். சி ஒரு வரிகூடத் தெரியாமல் செய்யக்கூடிய வேலை இது. முடிவில் இன்ன கமிட்டு என்று சொல்லி, எழுதியவரை மரியாதையாக அழைத்தால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்.

பாதுகாப்பு ஓட்டை ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் இஷ்யூவாகப் போடவே கூடாது. அதற்குத் தனி மின்னஞ்சல் முகவரி பைத்தான் தளத்தில் இருக்கிறது. குழு ரகசியமாகப் பார்த்து, திருத்தம் தயாரான பிறகே வெளியிடும்.

ஆவணம்

ஆவணத் திருத்தத்தை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. உண்மையில் ஒரு முழு பிஆரின் பாதையைக் குறைந்த செலவில் ஒரு முறை நடந்து பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. எதைத் திருத்துவது என்று தேடி அலைய வேண்டாம். போன மாதம் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்து, புரியாமல், வேறெங்கோ போய்த் தெரிந்துகொண்டீர்கள்? அந்தப் பக்கம்தான். விடுபட்ட ஒரு வாக்கியம், ஓடாத எடுத்துக்காட்டு, எந்த எக்ஸப்ஷன் வரும் என்று சொல்லாத ஃபங்ஷன் என்று ஏதாவது அங்கே இருக்கும்.

கோப்புகள் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் வடிவத்தில் இருக்கின்றன, ஸ்ஃபிங்ஸ் அவற்றை எச்டிஎம்எல் ஆக்குகிறது. டாக் கோப்புறையிலிருக்கும் மேக்ஃபைலே வேண்டியதையெல்லாம் இறக்கிப் பக்கங்களைக் கட்டித் தரும். பிரவுசரில் திறந்து கண்ணால் பார்த்த பிறகு அனுப்புங்கள். ஒரு இடைவெளி பிசகினாலும் ஒரு பட்டியல் முழுக்கக் கோணிக்கொண்டு நிற்கும்.

காற்புள்ளியை இங்கிருந்து அங்கே மாற்றுவது, ஓடும் நிரலைப் ‘புது பாணிக்கு’ எழுதுவது, ஐம்பது கோப்புகளில் மேற்கோள்குறியை மாற்றுவது போன்றவற்றை அனுப்பாதீர்கள். அழகுபடுத்தல் மட்டுமே உள்ள மாற்றங்களை அவர்கள் ஏற்பதில்லை. நிரலின் வரலாறு குழம்பும், ரிவ்யூ செய்பவருக்கோ வெறும் அலுப்பு.

பிஆர் போடும்போது

மெயினில் நேரடியாக வேலை செய்யாமல் தனி பிராஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் திருத்தமென்றால் முதலில் டெஸ்ட்டை எழுதுங்கள், அது தோற்பதைப் பாருங்கள், பிறகு திருத்துங்கள். ரிவ்யூவர் முதலில் தேடுவது அந்த டெஸ்ட்டைத்தான். டெஸ்ட்டுகள் லிப்புக்குள் டெஸ்ட் என்ற கோப்புறையில், மாட்யூல் பெயரோடு இருக்கும்.

தலைப்பு ‘ஜிஎச்’ என்பதோடு இஷ்யூ எண்ணைச் சேர்த்துத் தொடங்க வேண்டும். ஒரு சின்ன எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு இஷ்யூ தேவையில்லை. பயனருக்குத் தெரியும் மாற்றமென்றால் நியூஸ் குறிப்பு ஒன்று வேண்டும். பிளர்ப் என்ற கருவி அதை உரிய இடத்தில் வைத்துத் தரும். ஆவணத்தையோ டெஸ்ட்டையோ மட்டும் தொட்டிருந்தால் குறிப்பு வேண்டாம்.

முதல் பிஆர் போட்டதும் ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) வந்து பங்களிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும். இணைப்பை அழுத்தி ஒப்புக்கொண்டால் முடிந்தது. அங்கேயே மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு, காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கமிட்டில் பதிந்திருக்கும் மின்னஞ்சல் வேறு, கிட்ஹப் கணக்கில் இருப்பது வேறு. ஆபீஸ் லேப்டாப்பில் வேலை செய்தால் கிட்டின் மின்னஞ்சல் அமைப்பை முன்பே சரிபாருங்கள். அப்படியே, உங்கள் வேலை ஒப்பந்தத்தில் சொந்த நேரத்தில் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம் என்று என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ரிவ்யூ வந்த பிறகு பழைய கமிட்டை மாற்றி எழுதி ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள். ரிவ்யூவர் எதுவரை பார்த்தார் என்ற தடம் அழிந்துவிடும். புதுக் கமிட்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். மெர்ஜ் ஆகும்போது எல்லாம் ஒரே கமிட்டாகச் சுருங்கிவிடும், ‘ஃபிக்ஸ்’, ‘ஃபிக்ஸ் எகெய்ன்’ என்று நீங்கள் எழுதியதை யாரும் பார்க்கப்போவதில்லை.

மாற்றம் கேட்டு ரிவ்யூ வந்தால், அதைச் செய்து முடித்ததாக எப்படித் தெரிவிப்பது என்பதை பெடிவியர் என்ற பாட் சொல்லும். அதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு, அதை அப்படியே எழுதினால்தான் அதற்கு உறைக்கும். திருத்தத்தைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோகும், அதாவது பேக்போர்ட் செய்யும், பாட் ஒன்றின் பெயர் மிஸ் இஸ்லிங்டன். மொழியின் பெயரே பாம்பிலிருந்து வந்ததல்ல, மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. அதனால் இந்தப் பாட்கள் பேசும் குறும்பைக் கண்டு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தடை இல்லை. ஆனால் அனுப்பும் ஒவ்வொரு வரியும் உங்கள் பொறுப்பு. ‘இது ஏன் இப்படி?’ என்று ரிவ்யூவர் கேட்டால் அந்தக் கேள்வியையும் கொண்டுபோய் மெஷினிடம் ஒட்டிப் பதில் வாங்கிப் போடுகிறவரை நாலே வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓட்டிப் பார்க்காத நிரலை அனுப்புவது மற்றவர் தலையில் வேலையைக் கட்டுவதுதான்.

காத்திருக்கும் காலம்

சில பிஆர்கள் ஒரே நாளில் உள்ளே போகும். சில மாதக்கணக்கில் கிடக்கும். உங்கள் நிரல் மோசம் என்று அர்த்தமில்லை, அந்த மாட்யூலைத் தெரிந்த ஆள் இப்போது கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு மாதம் கழித்து ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். தினமும் மெயினை இழுத்து உங்கள் பிராஞ்சைப் புதுப்பித்துக்கொண்டிருக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் சோதனைகள் முதலிலிருந்து ஓடும்.

நாள்காட்டியையும் கொஞ்சம் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு புதுப் பதிப்பு, அக்டோபரில். அதன் முதல் பீட்டா மே மாத வாக்கில் வரும். அதோடு புது வசதிகளுக்குக் கதவு மூடப்படும், அதன்பின் அந்தப் பதிப்புக்குப் பிழைத்திருத்தம் மட்டும்தான். ஜூனில் போட்ட புது வசதி அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் மக்கள் கைக்குப் போகும். மொழியின் இலக்கணத்தையே தொடும் யோசனை என்றால் பெப் என்ற முறையான முன்மொழிவு ஆவணம் எழுத வேண்டும், அதற்குக் கோர் டெவலப்பர் ஒருவர் ஸ்பான்சராக நிற்க வேண்டும். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

காத்திருக்கும் நேரத்தில் மற்றவர் பிஆரை ரிவ்யூ செய்யுங்கள். கோர் டெவலப்பராக இல்லாமல் செய்யலாமா? தாராளமாக. அந்தப் பிராஞ்சை இறக்கி, பில்ட் செய்து, புது டெஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தத்தை நீக்கி ஓட்டுங்கள். டெஸ்ட் தோற்க வேண்டும். தோற்கவில்லையென்றால் அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை, அதைக் கண்டுபிடித்தது நீங்கள். திருத்தத்தோடு ஓட்டினால் ஜெயிக்க வேண்டும். காலி சரம், மிகப் பெரிய எண், தமிழ் உரை என்று மூன்று உள்ளீடு கொடுத்துப் பாருங்கள். நடந்ததை எழுதுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று கட்டைவிரல் காட்டுவதை ரிவ்யூ என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இப்படிச் சில மாதம் தொடர்ந்து செய்பவரை ட்ரியாஜ் குழுவில் சேர்க்கக் கோர் டெவலப்பர்கள் முன்மொழிவதுண்டு. அப்போது இஷ்யூக்களுக்கு லேபிள் ஒட்டவும் மூடவும் உரிமை கிடைக்கும்.

மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு அதற்கும் முறையான வழி இருக்கிறது. பெப் 545 அதைப் பற்றியதுதான். ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு ஆவணங்கள் எல்லாம் அப்படித்தான் பைத்தான் தளத்துக்கு வந்தன. ஒரு மொழி அந்தத் தளத்தின் மொழிப்பட்டியலில் இடம்பெற டுடோரியல், பிழை அறிவிக்கும் பக்கம், பில்ட்இன் ஃபங்ஷன்கள் பக்கம் மூன்றும் முழுதாக முடிந்திருக்க வேண்டும். டுடோரியல் ஒன்றே பெரிய வேலை, தனி ஆளாக இறங்க வேண்டாம், நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிபைத்தான் மலைப்பாக இருந்தால் பக்கத்திலேயே பழகுவதற்குச் சின்னக் களங்கள் இருக்கின்றன. தமிழ்ச் சொற்களில் நிரல் எழுதும் எழில் மொழியும், உரையை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் நூலகமும் பைத்தானிலேயே எழுதப்பட்ட கட்டற்ற திட்டங்கள். ‘தமிழ்’ என்பதில் லென் கேட்டால் பைத்தான் ஐந்து என்கிறது, நாம் எண்ணினால் மூன்று. அந்த மூன்றை எடுத்துத் தருவது ஓப்பன் தமிழ் மாதிரி நூலகங்களின் வேலை.

கடைசியாக ஒரு சின்னச் சிக்கல் வரும், அது நமக்கென்றே வரும். ரெப்போவில் மிஸ்க் கோப்புறையில் ஆக்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது, பங்களித்தவர்களின் பெயர்ப்பட்டியல். உங்கள் பிஆரிலேயே உங்கள் பெயரையும் அதில் சேர்க்கலாம். பட்டியல் ஏறத்தாழக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் போகிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் பின்னால் போட்டால் அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராகிவிடும். முன்னால் போட்டால் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நான் முன்னால் போடுங்கள் என்பேன். தேடுகிறவர்கள் உங்களைத் தேடுவார்கள், உங்கள் அப்பாவின் முதல் எழுத்தை அல்ல.